மரபணுவின் மேல் பழி போடுமுன்

நீண்ட பதிவு இது. எச்.ஐ.வி. ஆய்விலும் நரம்பியலிலும் மரபணுவியலிலும் இருக்கும் மாணவர்களும் வழிகாட்டிகளும் இறுதிவரை வாசித்துவிட்டுப் பிறகு என்னோடு சண்டையிட வேண்டுகிறேன்.

அண்மையில் ஓர் ஆய்வு முன்மொழிவின் மதிப்பீட்டுக் கூட்டத்தில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். எச்.ஐ.வி.யுடன் வாழும் இந்தியரிடையே அறிதிறன் குறைபாட்டுக்கான மரபணு இடர்க்காரணிகளைக் கண்டறிவது அதன் நோக்கம். எச்.ஐ.வி. தொற்றுடையோரில் அறிதிறன் குறைந்தவர் நூறு பேர், குறையாதவர் நூறு பேர், இருபது மரபணு மாற்றுருக்கள், மூன்று ஆண்டுகள், கணிசமான நிதி. இரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க எந்த நிறுவனத்தின் கிட்டை வாங்குவது என்பதைப் பற்றி அரைமணி நேரம் விவாதம் நடந்தது. ‘அறிதிறன் குறைந்தவர்’ என்று யாரை, எந்த அளவுகோலால், யாரோடு ஒப்பிட்டு முடிவு செய்வீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்வையாளனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. எனவே இங்கே கேட்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரபணுவுக்கும் மூளைக்கும் தொடர்பில்லை என்று நான் வாதிடவில்லை. குறைபாட்டையே ஒழுங்காக அளக்காத நாம், அதன் காரணத்தை மரபணுவில் தேடுவது அறிவியலாகாது. அந்தத் தேடல் நோயாளிக்குத் தீங்காகவும் முடியும்.

நான் ஆய்வு செய்வது மகாராஷ்டிரத்தில். சில ஆண்டுகளுக்கு முன் என் முன் ஒரு பெண் அமர்ந்திருந்தார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மராத்வாடாவிலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் புலம்பெயரும் தொழிலாளி. பள்ளிக்குச் சென்றது இரண்டு ஆண்டுகள். சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகக் கோட்டால் இணைக்கும் தேர்வை அவருக்குக் கொடுத்தேன். பென்சிலை அவர் பிடித்த விதத்திலேயே அதைப் பிடித்துப் பல ஆண்டுகள் ஆயின என்பது தெரிந்தது. அடுத்தது, துளைப்பலகையில் சிறு குச்சிகளைச் செருகும் தேர்வு. அவருடைய வலக்கைச் சுட்டுவிரல் அரிவாள் வெட்டுப்பட்டு மடங்காமல் நின்றுவிட்டிருந்தது. அதைக் குறித்துவைக்க என் படிவத்தில் இடமில்லை. பிறகு, ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் சொல்லும் தேர்வு. எழுத்தையே அரைகுறையாக அறிந்தவரிடம் எழுத்தை வைத்துச் சொல் கேட்டேன். மதிப்பெண்களைக் கணினியில் இட்டதும், இரு களங்களுக்கு மேல் குறைபாடு என்று முடிவு வந்தது.

எல்லாம் முடிந்தபின் அவருக்குரிய பயணப்படியைக் கொடுத்தேன். பேருந்துக் கட்டணத்தை நான் தவறாகக் கூட்டியிருந்ததை அவர் உடனே சுட்டிக்காட்டினார். பேச்சு நீண்டது. அந்தப் பருவத்துக்காக முகாதம் எனப்படும் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு, எந்த வாரம் எத்தனை டன் வெட்டினார்கள், மேஸ்திரியின் பேரேட்டில் எத்தனை டன் குறைத்து எழுதப்பட்டது என்று ஒரு காகிதமும் பார்க்காமல் ஒப்பித்தார். அந்தக் கணக்கு பிசகினால் அடுத்த ஆண்டும் கடனில்தான் விடியும். அந்த நினைவாற்றலை அளக்க என் பையில் தேர்வு இல்லை. ஆனால் அவருடைய இரத்தம் ‘குறைபாடுடையோர்’ என்ற பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

இது ஒரு தனிப்பட்ட சோகக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கணக்கிலேயே சிக்கல் இருக்கிறது. இத்துறை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சார்ந்திருப்பது 2007இல் வெளியான ஃபிரஸ்காட்டி வரையறையை. குறைந்தது ஐந்து அறிதிறன் களங்களைச் சோதிக்க வேண்டும். இரண்டு களங்களில் சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் கீழே இருந்தாலே, அன்றாட வாழ்வில் எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும், ‘அறிகுறியற்ற அறிதிறன் குறைபாடு’ என்று முத்திரை குத்தலாம். முதலாண்டுப் புள்ளியியல் மாணவரிடம் இதைக் கொடுங்கள். இயல்நிலைப் பரவலில் எந்த ஒரு களத்திலும் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். ஐந்து களங்களும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், முற்றிலும் நலமுள்ள மக்களில் 18 விழுக்காட்டினர் இரண்டு களங்களிலாவது ‘தோற்பார்கள்’. ஏழு களங்களைச் சோதித்தால் அது 31 விழுக்காடாகிறது. உண்மையில் களங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் எண்கள் சற்று மாறும். சிக்கலின் அளவு மாறாது. கிஸ்லேனும் அவருடைய சகாக்களும் 2011லேயே இதை எழுதிவிட்டார்கள்: தொற்றே இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவரை இந்த வரையறை நோயாளியாக்குகிறது.

அமெரிக்காவின் சார்ட்டர் ஆய்வு 2010இல் 1,555 பேரை ஆராய்ந்தது. பாதிப்பேருக்கும் மேல் குறைபாடு என்ற தலைப்புச் செய்தி உலகமெங்கும் பரவியது. அதைப் பிரித்துப் பாருங்கள். 33 விழுக்காடு அறிகுறியற்றவர், 12 விழுக்காடு மிதமான குறைபாடுடையவர், டிமென்ஷியா வெறும் 2 விழுக்காடு. அந்தப் பாதியின் பெரும்பகுதி, தமக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்று சொன்னவர்களால் ஆனது. 2023இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு நேச்சர் ரிவ்யூஸ் நியூராலஜியில், தேர்வு மதிப்பெண் குறைந்தது என்பதை மட்டும் கொண்டு ஒருவரை அறிதிறன் குறைந்தவர் என்று அழைக்கலாகாது என்று பரிந்துரைத்தது. நான் கேட்ட முன்மொழிவில் அந்தக் கட்டுரையின் நிழல்கூட இல்லை.

இனி மரபணுவுக்கு வருவோம். ஒரு மாற்றுரு, குறைபாடில்லாதவரில் நூற்றுக்கு இருபது பேரிடமும், உண்மையாகவே குறைபாடுடையவரில் நூற்றுக்கு முப்பது பேரிடமும் இருப்பதாகக் கொள்வோம். இது மெய்யான, கணிசமான வேறுபாடு. ஆனால் நீங்கள் ‘குறைபாடுடையோர்’ என்று திரட்டிய நூறு பேரில் பாதிப்பேர் நான் மேலே சொன்ன வகையில் தவறாகச் சேர்ந்தவர்கள் என்றால் என்ன ஆகும்? உண்மையான ஐம்பது பேரிடமிருந்து பதினைந்து, தவறாகச் சேர்ந்த ஐம்பது பேரிடமிருந்து பத்து, ஆக இருபத்தைந்து. எதிரணியில் இருபது. நூறு பேர் கொண்ட இரு குழுக்களில் இருபத்தைந்துக்கும் இருபதுக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. உண்மையான விளைவு இருந்தும் உங்கள் ஆய்வு அதைப் பார்க்காது.

ஆனால் வேறொன்றைப் பார்க்கும். இருபது மாற்றுருக்களை ஏழு களங்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்தினால் 140 சோதனைகள். எந்தத் தொடர்பும் இல்லாத உலகத்திலும், 0.05 என்ற எல்லைக்குள் சராசரியாக ஏழு ‘கண்டுபிடிப்புகள்’ வந்து நிற்கும். ஆய்வேட்டுக்கு ஓர் இயலும் ஆய்விதழுக்கு இரண்டு கட்டுரையும் அதில் தேறிவிடும். இருப்பதைக் காணாமல் இல்லாததைக் காண்கிற ஒரு கருவியைப் பொதுப்பணத்தில் வாங்குகிறோம்.

இது ஊகம் என்பவர்கள் இத்துறையின் வரலாற்றைப் பார்க்கட்டும். அல்சைமர் நோயால் புகழ்பெற்ற ஏ.பி.ஓ.ஈ. மரபணுவின் ஈ4 வடிவம், எச்.ஐ.வி. தொற்றுடையோரில் டிமென்ஷியாவை மிகுவிக்கிறது என்று 1998இல் நேச்சர் மெடிசின் இதழ் வெளியிட்டது. 2013இல் சார்ட்டர் குழு ஆராய்ந்தபோது ஈ4க்கும் அறிதிறன் குறைபாட்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. மோனோசைட் அணுக்களை மூளைக்குள் அழைக்கும் எம்.சி.பி.-1 என்ற கீமோகைனின் ஒரு மாற்றுரு, டிமென்ஷியா அபாயத்தை நான்கரை மடங்காக்குகிறது என்று 2002இல் அறிவிக்கப்பட்டது. அதற்குப்பின் வந்த முடிவுகள் ஒருமுகமாக இல்லை. 2012இலும் 2017இலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய முழு மரபணுத்தொகுதித் தேடல்கள் இரண்டிலும், அத்துறை தனக்கு விதித்துக்கொண்ட எல்லையைத் தாண்டி ஒரு மாற்றுருகூட நிற்கவில்லை. ஆயிரம் பேரிடம் கிடைக்காத ஒன்று இருநூறு பேரிடம் கிடைத்தால், மகிழ்வதற்கு முன் அஞ்ச வேண்டும்.

இறக்குமதிப் பட்டியல் இன்னொரு சிக்கல். வட ஐரோப்பியரில் பத்து விழுக்காடு அளவுக்குக் காணப்படும் சி.சி.ஆர்.5 டெல்டா-32 என்ற நீக்கம் டிமென்ஷியாவிலிருந்து ஓரளவு காப்பதாக ஒரு காலத்தில் பேசப்பட்டது. இந்திய மக்களிடையே அது மிக அரிது. இருநூறு பேரில் ஒருவரிடமும் இல்லாமற் போகக்கூடியதைத் தேட வேதிப்பொருள் வாங்குவதற்கு, அங்கே தேடினார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

இந்தியாவுக்கென்று மெய்யாகவே ஒரு தனிக் கேள்வி உண்டு. அதை எழுப்பியதும் இந்தியர்களே. இங்கு பெருவாரியாக இருப்பது எச்.ஐ.வி.-1இன் சி துணைவகை. அதன் டாட் புரதத்தில் 31ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதிலாக செரின் இருப்பதால், மோனோசைட்டுகளை ஈர்க்கும் ஆற்றல் குறைகிறது என்று பெங்களூரின் உதயகுமார் ரங்கா குழுவினர் 2004இல் காட்டினர். மரபணு என்றதும் மனிதனுடையதையே நினைக்கும் நமக்கு, வைரசின் மரபணுவைப் பாருங்கள் என்று சொன்ன ஆய்வு அது. இந்தியரிடம் கடுமையான டிமென்ஷியா குறைவாகக் காணப்படுவதற்கு அது ஒரு விளக்கமாகலாம். 2007இல் பெங்களூர் நிம்ஹான்ஸ், கூட்டு மருந்து தொடங்காத, அன்றாடம் இயல்பாக இயங்கிவந்த 119 பேரைச் சோதித்தது. வயது, பால், கல்வி ஆகியவற்றுக்கு ஏற்ற ஒப்பீட்டு அளவுகளைக் கொண்டே முடிவு செய்தது. 60.5 விழுக்காட்டினரிடம் மிதமான குறைபாடுகள் தென்பட்டன. கடுமையான குறைபாடு ஒருவரிடமும் இல்லை. இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்தால் எழும் கேள்வி ஒன்றே: இந்த ‘மிதமான குறைபாடு’ என்பது என்ன? வைரசா, மனச்சோர்வா, குருதிச்சோகையா, பழைய காசநோய் மூளையுறை அழற்சியா, அல்லது தேர்வறையின் அந்நியத்தன்மையா? இதைப் பிரிக்காமல் அதற்கு மரபணு தேடுவது, எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாமல் பயணச்சீட்டு வாங்குவது.

இப்போது என் பங்கு. மேடையில் நின்று பிறரைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஒரு ‘கண்டுபிடிப்பு’ இருந்தது. ஒரு மாற்றுரு, ஒரு களம், 0.03 என்ற நிகழ்தகவு. எத்தனை சோதனைகளில் அது ஒன்று என்பதை அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில்கூட நான் எழுதியிருக்கவில்லை. பொய் சொன்னேன் என்று இல்லை, எவரும் கேட்கவில்லை. பாராட்டினார்கள். கரும்பு வெட்டும் அந்தப் பெண்மணியின் படிவத்தை மறுபடி புரட்டியபோதுதான், அவருடைய மடங்காத விரலையும் நான் ஒரு மரபணுவின் கணக்கில் எழுதியிருக்கிறேன் என்பது உறைத்தது. விரலில் காயமுள்ளவர்களையும் ஐந்தாண்டுக்குக் குறைவாகப் பள்ளி சென்றவர்களையும் நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டேன். 0.03 காணாமற்போனது. இயலை நீக்கினேன். ஓராண்டு பிந்தினேன். ‘பாசிட்டிவாக ஏதாவது இருந்தால்தான் ஏடு நிற்கும்’ என்று அப்போது எனக்குச் சொல்லப்பட்ட அறிவுரை இந்நாட்டில் எத்தனை மாணவர்களுக்கு இன்றும் சொல்லப்படுகிறது என்பதை இதை வாசிக்கும் நீங்கள் அறிவீர்கள்.

அப்படியானால் நோயாளியின் மனத்தெளிவுக்கும் மரபணுவுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. தெளிவாகக் காட்டப்பட்டதும் உண்டு. அது நமக்குக் கவர்ச்சியாகத் தோன்றவில்லை என்பதே வேதனை. எஃபாவிரென்ஸ் என்ற மருந்து நம் முதல்வரிசைச் சிகிச்சையில் பல்லாண்டுகள் இருந்தது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு இரவு 600 மில்லிகிராம். தலைசுற்றல், கொடுங்கனவு, கவனச்சிதறல் ஆகியவை அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். அதை உடலிலிருந்து வெளியேற்றும் சி.ஒய்.பி.2பி6 நொதியின் மரபணுவில் 516ஆம் இடத்து மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களிடம் மருந்து மிகுதியாகத் தேங்குகிறது. தென்னிந்திய நோயாளிகளிடம் இதைக் காட்டிச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் 2009இல் கட்டுரை வெளியிட்டனர். 400 மில்லிகிராமே போதும் என்று என்கோர்-1 ஆய்வு 2014இல் காட்டியது. ‘ராத்திரி மாத்திரை போட்டால் மறுநாள் மத்தியானம் வரை தலை நிற்கவில்லை’ என்று சொன்னவர்களிடம் ‘பழகிவிடும்’ என்றோம். அவர்களையே மறுநாள் காலை அறிதிறன் தேர்வுக்கும் அமர்த்தினோம். இன்று டோலுடெக்ராவிர் வந்து அந்தச் சிக்கல் பெருமளவு நீங்கிவிட்டது. அதைத் தீர்த்தது புதிய மாத்திரை. மரபணு பற்றிய நம் அறிவு அல்ல. அந்த அறிவு நம் கையில் இருந்த ஆண்டுகளில் அதை நாம் பயன்படுத்தவில்லை.

இன்னொரு இடர்க்காரணியையும் சொல்ல வேண்டும். சி.டி.4 அணுக்கள் வாழ்நாளில் எவ்வளவு தாழ்ந்தன என்பது பிற்கால அறிதிறனோடு தொடர்புடையது என்பதைச் சார்ட்டர் தரவுகளே காட்டின. இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கியபோது பொதுவாக 200க்குக் கீழே இறங்கியவருக்குத்தான் மருந்து. எல்லை படிப்படியாக உயர்ந்து, தொற்று உறுதியான அனைவருக்கும் என்றானது 2017இல். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருந்தவர்கள் எத்தனை பேர்? வறிய நாட்டின் அன்றைய நெருக்கடியை நான் அறியாமலில்லை. ஆயினும் அந்தக் காத்திருப்பின் வடு ஒருவர் மூளையில் இருக்குமானால், அது அவர் பிறவியோடு வந்தது இல்லை. கொள்கை விளைவித்ததை மரபணுவின் பெயரில் எழுதும்போது, பொறுப்பு அரசிடமிருந்தும் நம்மிடமிருந்தும் கழன்று நோயாளியின் குருதிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இந்தப் பதிவின் சினம் முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

எதிர்வாதங்களை அறிவேன். ‘எங்காவது தொடங்கித்தானே ஆக வேண்டும், சிறு ஆய்வுகள் சேர்ந்தால் பெரிதாகும்’ என்பார்கள். ஒரே அளவுகோலால் அளந்தவை சேரும். ஒவ்வொரு ஆய்வகமும் தன் தேர்வு, தன் ஒப்பீட்டுக் குழு, தன் வெட்டெல்லை என்று வைத்துக்கொண்டால் சேர்வது குப்பை மட்டுமே. ‘பெயர் நீக்கிய தரவுதானே, யாருக்கு என்ன தீங்கு’ என்பார்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தொற்றுநிலையின் இரகசியத்தையும் வேலையில் பாகுபாடின்மையையும் காக்கிறது. மரபணுப் பாகுபாட்டுக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. ‘எச்.ஐ.வி. உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மூளை மங்கும், சிலருக்கு அது பிறவியிலேயே எழுதப்பட்டது’ என்று நாளிதழ் ஒருநாள் எழுதினால், அது ஓட்டுநர் வேலைக்கும் செவிலியர் வேலைக்கும் விண்ணப்பித்தவர்களைத்தான் முதலில் சென்று தாக்கும். நாட்டில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் இந்தத் தொற்றோடு வாழ்கிறார்கள். அவர்களின் பெயர்களை நாம் நீக்கலாம். ஊரார் நீக்க மாட்டார்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, என் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, ஒப்பீட்டு அளவுகள். நிம்ஹான்ஸ் கல்வியறிவு இல்லாதோரையும் உள்ளடக்கி 2004இலேயே வழிகாட்டியிருக்கிறது. அதை மராத்தியிலும் தெலுங்கிலும் தமிழிலும் மணிப்புரியிலும் விரிவாக்குங்கள். ஒப்பீட்டுக்குக் கல்லூரி மாணவரைத் தேடாதீர்கள். நோயாளியின் அதே ஊரில் அதே வேலை செய்யும் தொற்றில்லாத அண்டைவீட்டாரைத் தேடுங்கள். இதற்கு ஆகும் செலவு, மரபணுச் செலவைவிட எவ்வளவோ குறைவு.

இரண்டாவது, ஒருமுறை அளந்து முத்திரை குத்தாதீர்கள். ஒருவரை அவருடனேயே ஒப்பிட்டு இரண்டு, மூன்று ஆண்டுகள் தொடருங்கள். மனச்சோர்வு, மது, மருந்து, பழைய மூளைத்தொற்று, காயம் ஆகியவற்றைப் படிவத்தில் இடம்விட்டு எழுதுங்கள். விரலுக்கும் ஒரு கட்டம் வேண்டும்.

மூன்றாவது, அதன்பிறகு மரபணுவைத் தேடுங்கள். ஆயிரக்கணக்கானோரிடம், ஆய்வகங்கள் கூடி, எதைச் சோதிக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டுத் தேடுங்கள். ஜீனோம்இந்தியா திட்டம் பத்தாயிரம் இந்தியரின் மரபணுத்தொகுதிகளைத் திரட்டி, 2025 ஜனவரியில் ஆய்வாளருக்குத் திறந்துவிட்டது. இந்திய மக்களில் எந்த மாற்றுரு எவ்வளவு உள்ளது என்று ஊகிக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது.

நான்காவது, பல்கலைக்கழகங்களுக்கு: ‘தொடர்பில்லை’ என்று நேர்மையாக முடியும் ஆய்வேட்டுக்கும் பட்டம் கொடுங்கள். அதைச் செய்யாதவரை, மாணவர்கள் 140 சோதனைகளில் ஏழைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

அந்தப் பெண்மணி அடுத்த ஆண்டு மறுசோதனைக்கு வரவில்லை. வெட்டுப் பருவம் தொடங்கிவிட்டதாகச் செவிலியர் சொன்னார். அவருடைய இரத்த மாதிரி இன்னும் எங்கள் உறைபெட்டியில் இருக்கிறது. குழாயின் மேல் ஒரு பட்டைக்குறியீடு. தரவுத்தாளில் அதற்கு நேரே ‘குறைபாடு: ஆம்’. சென்ற மாதம் அந்தக் கட்டத்தை ‘தீர்மானிக்க இயலாது’ என்று மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன். குழு இன்னும் கூடவில்லை.

மாற்றுக்கருத்துகளை வரவேற்கிறேன். எண்களோடு வாருங்கள்.